மல்லாரியைப் பாதியில் நிறுத்தச் சொன்னவர்களுக்கு

அந்த வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. எந்த ஊர்னு நான் சொல்லப் போறதில்ல. சாமி இன்னும் கோபுர வாசலைத் தாண்டல, சாமி புறப்பாட்டுக்கு நாயனத்துல, அதான் நாதஸ்வரத்துல, வாசிக்கிற மல்லாரி முதல் காலத்துல, மெதுவான நடையில, போய்க்கிட்டிருக்கு. ஒருத்தர் நாயனக்காரர் தோளைத் தட்டி, "இது போதும்ணே, அந்தப் பாட்டைப் போடுங்க"ங்கிறார். அவரும் தலையாட்டிட்டு, வாயில வைக்கிற சீவாளியை நாக்கால ஈரம் பண்ணிக்கிட்டு சினிமாப் பாட்டை ஆரம்பிக்கிறார். கீழ லைக்கா குவியுது. எனக்கு மனசே ஆறல.

மல்லாரி தனிப்பாட்டு இல்லங்க. புறப்பாட்டு மேளம் மொத்தமும் சேர்ந்துதான் ஒண்ணு. முதல்ல தவில்ல அலாரிப்புங்கிற தொடக்க வாசிப்பு, அப்புறம் கம்பீர நாட்டை ராகத்துல மல்லாரி, பிறகு வீதியில ராகம், கீர்த்தனை, கடைசியா பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம். இதுல ஒண்ணை உருவி எடுத்தா மிச்சமும் நிக்காது.

மல்லாரிக்குச் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. ச க ம ப நி, அஞ்சே சுரம். அதுல கட்டின ஒரே சுர வரியை முதல் காலம், ரெண்டாங் காலம், மூணாங் காலம்னு வாசிப்பாங்க, மும்மூணா எண்ணுற திஸ்ர நடையும் வரும். ஜால்ரா அடி அசையாது. நாயனம் மட்டும் அதுக்குள்ள ரெண்டு மடங்கா, நாலு மடங்கா நெருங்கும். முதல் காலம் காதுல ஊறியிருந்தாத்தான் மூணாங் காலத்துல உடம்பு சிலிர்க்கும். வேகமான துண்டை மட்டும் வீடியோவுல வெட்டிப் போட்டா, எதோட வேகம்னே கேக்குறவங்களுக்குத் தெரியாது.

"துண்டைக் கேட்டுத்தான் சின்னப் பசங்க வர்றாங்க"ம்பீங்க. வரட்டும், சந்தோஷம். வந்தவங்களுக்கு முழுசா எங்க குடுக்குறீங்க? வீதியிலயே நிறுத்திடுறீங்களே!

"நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையே மூணு நிமிஷ இசைத்தட்டுல தோடி ராகம் வாசிக்கலையா?" இதையும் கேப்பாங்க, நியாயமான கேள்விதான். ஆனா அவர் இசைத்தட்டோட நேரம் தெரிஞ்சு, அதுக்குள்ள அடங்குற மாதிரி தோடியை எடுத்து முடிச்சார். யாரும் பாதியில தோளைத் தட்டல. சுத்த மத்யமம்ங்கிற 'ம' சுரம் பிசகாம விழணும்னு, நாயனம் செய்யுற நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோட சேர்ந்து, நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தையே உருவாக்கினவர் அவர். மல்லாரியில நிக்கிற மத்யமமும் அதே சுத்த மத்யமம்தான். பழைய வீட்டு உத்திரத்து ஆச்சா மரத்தைக் கடைஞ்சு, கொறுக்கைங்கிற நாணல் தட்டையில சீவாளி கட்டி, இவ்வளவு பாடும் எதுக்கு?

சினிமாப் பாட்டு மட்டம்னு நான் சொல்லல. கல்யாண வரவேற்புல தாராளமா வாசிக்கட்டும். அதுலயும் ஒரு சிரமம் இருக்கு. பாரி நாயனத்தோட சுருதி ரெண்டு, ரெண்டரைக் கட்டை. கீபோர்டுக்காரர் நாலு கட்டையில பிடிச்சா அதே குழல்ல எட்டாது. ஏழு விரல் துளைதான், சாவி கிடையாது. துளையைப் பாதி மூடியும் மூச்சை அழுத்தியும்தான் சுரத்தை வரவழைக்கணும். சாமி முன்னாடி திடீர்னு கேட்டா, அவர் ஒத்திகை பாக்காத பாட்டுல தடுமாறுவார். அதையும் வீடியோ எடுத்துப் போட்டு, "இவருக்கு வாசிக்கத் தெரியல"ன்னு எழுதுவீங்க.

கேட்டவர்கிட்ட "முடியாது"ன்னு நாயனக்காரரால மறுக்க முடியாதுங்க. சொன்னா அடுத்த வருஷம் அந்தக் கோயில்ல அவருக்கு மேளம் இல்ல. ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு தாளம், அத்தனை பேர் கூலியும் அந்த ஒரு தலையாட்டல்ல இருக்கு. பட்டாசுக்குப் பேரம் பேசாதவங்க மேளத்துக்கு மட்டும் பேசுறாங்க.

திருவிழாக் கமிட்டிக்காரங்களே, அடுத்த தடவை மேளம் பேசுறப்பவே "மல்லாரி மூணு காலமும் முடியணும், நடுவுல யாரும் பாட்டு கேக்கக் கூடாது"ன்னு பேசி முடிச்சிடுங்க. அப்பத்தான் தோளைத் தட்டுறவருக்கு அவர் உங்களைக் கைகாட்ட முடியும்.