படம் முழுக்க கோச், ஓரமாக ஒரு டீம்

ஆமிர் கானின் ‘சித்தாரே ஜமீன் பர்’ இந்திப் படம் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதாவிட்டால் கல்நெஞ்சக்காரன் என்று பெயர் வந்துவிடும் போலிருக்கிறது. என் டைம்லைனில் பார்த்தவர்கள் எல்லோரும் அழுதிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள தம்பியோடு வளர்ந்தவன் என்பதால் இந்த மாதிரிப் படங்களிடம் கொஞ்சம் அதிகமாகவே எதிர்பார்க்கிறேனோ என்னவோ.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். அணியில் வரும் பத்துப் பேருமே டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் என்று நிஜத்திலும் அப்படி வாழ்பவர்கள். நம் சினிமாவில் இப்படி ஒரு பாத்திரம் என்றால் பெயர் பெற்ற நடிகர் ஒருவர் வாயைக் கோணி, கழுத்தைச் சாய்த்து நடிப்பார், விருதும் வாங்குவார். அந்த வழக்கத்தைத் தூக்கிப் போட்டதற்கு ஒரு கும்பிடு. இயக்குநர் ஆர்.எஸ்.பிரசன்னா நமக்குப் புதியவர் இல்லை. 2013-ல் ‘கல்யாண சமையல் சாதம்’ எடுத்தவர். வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயத்தைக் கூச்சம் இல்லாமல் சிரிக்கச் சிரிக்கச் சொல்லத் தெரிந்தவர். அதனால்தான் ஏமாற்றம் இன்னும் கூடுதல்.

கதை என்ன? குல்ஷன் (ஆமிர்) ஒரு கூடைப்பந்து உதவி கோச். தலைமை கோச்சை அடிக்கிறார், குடித்துவிட்டு வண்டி ஓட்டி போலீஸ் வண்டியில் மோதுகிறார். நீதிபதி தண்டனையாக, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் அணிக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார். (இவர்களோடு மூன்று மாதம் இருப்பதே ஒரு தண்டனை என்று தொடங்கும் கதை எத்தனை பேருக்கு உறுத்தியது?) அதற்கப்புறம் குல்ஷனின் கல்யாண வாழ்க்கை, குழந்தை வேண்டுமா வேண்டாமா என்ற பிரச்சினை, அம்மாவின் காதல், லிஃப்ட் பயம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அணியில் உள்ளவர்கள் எதற்கு? இவை எல்லாவற்றையும் சரிசெய்து கொடுப்பதற்கு. குழம்பில் போட்ட கறிவேப்பிலை மாதிரி வாசனை தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

இதே ஆமிர் 2007-ல் ‘தாரே ஜமீன் பர்’ எடுத்தபோது என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய இடைவேளை வரைக்கும் அவர் திரைக்கே வரவில்லை. அதுவரை, படிக்கத் திணறும் சிறுவன் இஷானின் கண் வழியாகத்தான் உலகம் தெரிந்தது. எழுத்துகள் நடனமாடுவதை நாமும் அவனோடு சேர்ந்து பார்த்தோம். இந்தப் படத்தில் அப்படி ஒரு காட்சியாவது உண்டா? விசில் சத்தம் ஆட்டிசம் உள்ள ஒருவர் காதில் எப்படி விழும், பந்து வேகமாக வரும்போது அவருக்கு என்ன தோன்றும், எதுவுமே கிடையாது. ஆளுக்கு ஒரு வினோதப் பழக்கம், ஆளுக்கு ஒரு பஞ்ச் டயலாக். அணியில் உள்ள குட்டுவுக்குக் குளிக்கப் பயம் என்பது நினைவிருக்கிறது. அவர் கோர்ட்டில் எந்த இடத்தில் ஆடுவார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

விளையாட்டுப் படம் என்று சொல்லிவிட்டு விளையாட்டையே காட்டாததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தம்பியின் சிறப்புப் பள்ளி மைதானத்தில் நான் பார்த்த பயிற்சியே வேறு. பந்தைப் பிடிக்கும் முன்னால் கண்ணை மூடாமல் இருக்கப் பழகுவதற்கே மாதக்கணக்கில் ஆகும். யார் நம் டீம் என்று புரியவைக்க கலர் பனியன். அரைநேரம் முடிந்து பக்கம் மாறியதும் எந்தக் கூடையில் போடுவது என்ற குழப்பம். சிரிப்பும் வரும், கோபமும் வரும், ஒருநாள் திடீரென்று எல்லாம் கூடியும் வரும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகவே நடக்கும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் விதிகளுக்குள்ளேயே எவ்வளவு கதை கிடக்கிறது! முதலில் தகுதிச் சுற்று ஆட வைத்து, ஏறக்குறைய ஒரே திறமை உள்ள அணிகளை ஒரே பிரிவில் போடுவார்கள். அணியாக ஆட முடியாதவர்களுக்கு இலக்கைப் பார்த்துப் பாஸ் செய்வது, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே பத்து மீட்டர் போவது, குறித்த இடங்களிலிருந்து கூடையில் போடுவது என்று தனித்திறன் போட்டிகள் உண்டு. 2023-ல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் இந்தியா 202 பதக்கங்கள் வாங்கியது. அதில் 76 தங்கம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தப் படம் 2018-ல் வந்த ‘கம்பியோனெஸ்’ என்ற ஸ்பானியப் படத்தின் ரீமேக். சிறந்த படத்துக்கான கோயா விருது வாங்கிய படம் அது. ஸ்பெயின், கூடைப்பந்து, அறிவுசார் குறைபாடு மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அந்த நாட்டுக்காரருக்கு ஒரு பழைய அவமானம் ஞாபகம் வரும். 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் இந்தப் பிரிவில் ஸ்பெயின் தங்கம் வென்றது. பிறகுதான் தெரிந்தது, அணியில் இருந்த 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்று. அவர்களில் ஒருவர் பத்திரிகையாளர். ஊழலை வெளிக்கொண்டுவரவே உள்ளே போய் ஆடி, பிறகு எழுதினார். பதக்கம் பறிபோனது. உண்மையாகவே தகுதியோடு ஆடிய இரண்டு பேரும் சேர்த்துத்தான் இழந்தார்கள். அதோடு விடவில்லை. உலகம் முழுக்க அறிவுசார் குறைபாடு உள்ள வீரர்களுக்கே பாராலிம்பிக்ஸ் கதவு மூடப்பட்டது. 2012 லண்டனில்தான் மறுபடி சேர்த்தார்கள், அதுவும் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் மூன்றில் மட்டும். கூடைப்பந்து இன்றுவரை திரும்பவில்லை.

யாரோ செய்த திருட்டுக்கு, ஒன்றும் அறியாத ஒரு தலைமுறை வீரர்கள் பன்னிரண்டு வருடம் வெளியே நின்றார்கள். ஸ்பானிய ரசிகருக்கு அந்தக் கதை தெரியும், அந்த நினைப்போடு தியேட்டருக்குப் போயிருப்பார். நமக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே ரீமேக் செய்யும்போது அதற்கு ஈடாக நம் மண்ணிலிருந்து ஏதாவது எடுத்திருக்கலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அலையும் அலைச்சலை எடுத்துக்கொண்டாலே தனிப்படம் ஆகும்.

இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். அணி தோற்கிறது, ஆனால் ஜெயித்தவர்களைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடுகிறது. வெற்றி தோல்வி பெரிதில்லை என்று கோச் கற்றுக்கொள்கிறார், தியேட்டரில் கைதட்டல். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உறுதிமொழியின் முதல் வரி என்ன தெரியுமா? “நான் வெல்ல வேண்டும்.” முடியாவிட்டால் முயற்சியிலாவது துணிச்சலோடு இருக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்ததுதான். என் தம்பி தோற்ற அன்றைக்குச் சாப்பிட மாட்டான். ஜெர்சியைக் கழற்றி எறிவான். எதிரணிக்காரனைப் பற்றி இங்கே எழுத முடியாததை எல்லாம் சொல்வான். ஜெயிக்க ஆசைப்படும் உரிமை குல்ஷனுக்கு மட்டும்தானா? தோல்வி வலிக்காத தேவதைகளாக இவர்களைக் காட்டுவதும் ஒருவகையில் ஒதுக்கி வைப்பதுதான்.

படம் நன்றாக ஓடியது, பிறகு யூடியூபில் நூறு ரூபாய் வாடகைக்கும் விட்டார்கள். பார்க்காதவர்கள் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அணியில் கோலுவாக வரும் சிம்ரன் மங்கேஷ்கர் நிற்கிற நிலைக்கே காசு சரியாகப் போகும். கணவன் மனைவி சண்டை வந்தால் ஓட்டிவிடுங்கள், கதை ஒன்றும் தவறிப்போகாது.