கணக்கு வராதவர்கள் படிக்கிற பாடமா?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பரிசு வாங்க மேடையேறிய பிள்ளை, "எக்கனாமிக்ஸ் படிக்கப் போறேன்" என்கிறது. பெரிய மனிதர் மைக்கிலேயே, "ஏன் ஆத்தா, கணக்கு வராதோ?" என்கிறார். மண்டபமே சிரிக்கிறது.

ஐயா, பொருளாதாரமே கணக்குதான். 1838-லேயே அந்துவான் அகுஸ்தன் கூர்னோ என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் புத்தகமாகவே எழுதி வைத்துவிட்டார். லியோனில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். விலை ஏறினால் விற்பனை குறையும் என்பது சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அதைச் 'சார்பு' (function) என்கிற கணித வடிவில் எழுதி, கோடாக வரைந்து காட்டியவர் அவர்.

அவர் எடுத்துக்கொண்டது ஓர் ஊற்று. நம் காரைக்குடிச் சம்பை ஊற்று மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுக்கச் செலவே இல்லை, சொந்தக்காரர் ஒருவர். விலையையும் விற்கிற அளவையும் பெருக்கினால் வரும் தொகை எங்கே உச்சமோ, அங்கே அவர் நிற்பார். அந்த உச்சத்தைக் கண்டுபிடிக்க வகைநுண்கணிதம் (டிஃபரன்ஷியல் கால்குலஸ்) வேண்டும். பக்கத்தில் இன்னொருவருக்கும் ஓர் ஊற்று இருந்தால்? 'அவன் இவ்வளவு விற்பான்' என்று வைத்துக்கொண்டு இவர் தன் அளவை முடிவு செய்வார், அவரும் அப்படியே. கடைசியில் இருவருக்குமே மாற்றத் தோன்றாத ஓர் இடம் வரும். விலை முன்பைவிடக் குறைந்திருக்கும். ஊற்றுகள் பெருகப் பெருக இன்னும் இறங்கும். 1950-ல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜான் நாஷ் பொதுவாக்கிச் சொன்ன சமநிலையின் கரு இதில் இருக்கிறது. கணக்கு வராதவர் செய்த வேலையா இது?

அன்றைக்கும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்பார்வை மங்கிய கூர்னோ 1863-ல் சமன்பாடுகளையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி எழுதிப் பார்த்தார். அதையும் சீண்டவில்லை. 1877-ல் போய்ச் சேர்ந்தார். ஜோசப் பெர்த்ராந்த் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் விமர்சனம் வந்தது 1883-ல். பதில் சொல்ல ஆள் இல்லை, பாருங்கள்!

"வட்டிக்கடை ஊருக்கு இந்த வியாக்கியானம் எதற்கு?" என்பீர்கள். எங்கள் ஐயா பர்மாக் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை எடுபிடியாகச் சேர்ந்தவர். மாகாணி, அரைக்கால், முந்திரி என்ற பழைய பின்னக் கணக்கெல்லாம் விரல் நுனியில். வட்டிச்சிட்டையைப் பிரித்துவைத்து வாய்க்கணக்காகவே சொல்லிக்கொண்டு போவார். ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) என்று பெருமை பேசுகிற ஊர், பொருளாதாரம் என்றால் சிரிக்கிறது. நன்றாக இருக்கிறது நியாயம்.

"பள்ளியில் மனப்பாடம்தானே?" சரி, கொஞ்சம் உண்மை. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் கணித முறைகளுக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். "இத்தனை கணக்குப் போட்டும் விலைவாசி குறைந்ததா?" என்று ஒருவர் நிச்சயம் வருவார். வரட்டும். டாக்டர் இருந்தும் காய்ச்சல் வருகிறதே, அவரிடம் போய்க் கேட்கட்டும்.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "கணக்கு வாத்தியாரா? ஓ, எக்கனாமிக்ஸா" என்று குரலை இறக்குவார். அந்த 'ஓ' எனக்குப் பழகிவிட்டது. பதினேழு வயசுப் பிள்ளைக்கு எதற்கு அது?

"எக்கனாமிக்ஸ் வாத்தியார், அதான் கோபம்" என்று எழுதப் போகிறீர்கள். ஆமாம், அதான் கோபம். வீடியோவில் முன்வரிசையில் சிரிக்கிறவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். முகம் நன்றாகவே தெரிகிறது.