டீக்குக் கணக்கு உண்டு, ஹெலிகாப்டருக்குக் கிடையாது

தேர்தல் தேதி அறிவித்தாலே நெடுஞ்சாலைகளில் பறக்கும் படை நின்றுவிடும். 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்து, ஆவணம் இல்லையென்றால் பறிமுதல்தான். சந்தையில் ஆடு விற்றுவிட்டு வருகிறவர், கல்யாணத்துக்கு நகை எடுக்கக் கிளம்பியவர், சரக்கெடுக்கப் போகிற சிறு வியாபாரி என்று ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது மாட்டுகிறார்கள். ஆடு விற்றவர் பில்லுக்கு எங்கே போவார்?

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் என்று பணப்பட்டுவாடாவுக்காகத் தேர்தலே ரத்தான பெருமை நம்முடையது. என் கோபம் வேறு.

பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரை செலவழிக்கலாம் என்று 2022இல் வரம்பை உயர்த்தினார்கள். மக்களவைக்கு 95 லட்சம். இதைக் கண்காணிக்க நடக்கும் கூத்தைப் பார்க்க வேண்டும். டீ, சாப்பாடு, நாற்காலி, ஷாமியானா, மாலை என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போடுகிறது. கூட்டத்தை வீடியோ எடுத்து, நாற்காலியை எண்ணி, அதிகாரிகள் தனியாக ஒரு நிழல் பதிவேட்டில் எழுதி வைக்கிறார்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும்.

சரி, கட்சிக்கு எவ்வளவு வரம்பு? வரம்பே இல்லை.

வேட்பாளரின் செலவுக் கணக்கைப் பற்றிப் பேசும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77ஆவது பிரிவில் இருக்கும் ஓட்டை இது. நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேரை அப்படி அறிவிக்கலாம். தலைவர் வந்து இறங்கும் ஹெலிகாப்டருக்கு வேட்பாளரிடம் கணக்கு கேட்க முடியாது. ஆனால் அதே மேடையில் வேட்பாளர் ஏறி நின்றால் கூட்டச் செலவில் ஒரு பங்கு அவர் தலையில் விழும். அதனால்தான் சில கூட்டங்களில் வேட்பாளரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது!

இந்த ஓட்டையை அடைக்க உச்ச நீதிமன்றம் 1974 அக்டோபரிலேயே முயன்றது. டெல்லி சதர் தொகுதி வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் வரும் என்று தீர்ப்பளித்து, காங்கிரஸ் வேட்பாளரின் வெற்றியைச் செல்லாதென்றது. இந்திரா காந்தி அரசு அதே மாதம் அவசரச் சட்டம் போட்டுத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. 2003இல் சட்டத்தைத் திருத்திக் கொஞ்சம் இறுக்கினார்கள். ஆனாலும் கட்சிக்கு வரம்பு வரவில்லை.

விளைவைப் பார்க்க நம்மூர் உதாரணமே போதும். 2019 மக்களவைத் தேர்தல் செலவுக் கணக்கில், கூட்டணிக் கட்சிகளுக்குக் கொடுத்ததாகத் திமுக தானே காட்டியது: சிபிஐக்கு 15 கோடி, சிபிஎம்முக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி. தமிழ்நாட்டுக் கூட்டணியில் இடதுசாரிகள் ஆளுக்கு இரண்டு தொகுதி, கொங்கு கட்சிக்கு ஒன்று. அப்போது வேட்பாளர் வரம்பு 70 லட்சம். ஐந்து பேருக்கும் சேர்த்தால் மூன்றரைக் கோடி. கைமாறியதோ 40 கோடி. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை, கணக்கில் காட்டிய பணம்தான். எனக்கு உறுத்துவதே அதுதான்.

பணம் வரும் வழியும் இதே கதைதான். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகுதான் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரிந்தது. பாஜகவுக்கு 6,000 கோடிக்கு மேல். பத்திரங்களை மிக அதிகமாக வாங்கிக் கொடுத்த நிறுவனம் கோவை லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதில் 509 கோடி திமுகவுக்கு. சமூகநீதி பேசும் கட்சிக்கு லாட்டரிப் பணம் எதற்கு என்று கேட்டால் நம்ம உடன்பிறப்புகள் கோபித்துக்கொள்வார்கள். சங்கிகளும் தங்கள் பங்கைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஓட்டுக்குக் காசு வாங்கும் மக்கள்தான் குற்றவாளி என்று யாராவது கமெண்டில் வந்தால் பதில் சொல்லப் போவதில்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, எத்தனை தொகுதியில் நிற்கிறதோ அதற்கேற்பக் கட்சிக்கும் வரம்பு உண்டு. இங்கே அவ்வளவுகூட வேண்டாம். ஒரு தொகுதியில் கட்சி செலவழிப்பதை வேட்பாளர் கணக்கில் ஏற்றும்படி 77ஆவது பிரிவைத் திருத்தட்டும், தலைவர்களின் பயணம் உட்பட. அதற்காக வரம்பை இரண்டு மடங்காக்கச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான்.