தலைவருக்கு நிற்பவர்களை ஒரே மேடையில் உட்கார வைப்போம்

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் சரி, நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் ஒரு வேலையைச் செய்தே ஆக வேண்டும். ஊராட்சித் தலைவருக்கு நிற்கிற எல்லாரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். கொடி, மாலை, பொன்னாடை, பட்டாசு எதுவும் கூடாது.

அமெரிக்காவில் மேயர் தேர்தல் வந்தால் பல ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. 1920-இல் தொடங்கிய லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் அமைப்பின் உள்ளூர்க் கிளைகள் இதை நடத்துவதில் பேர் போனவை. எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. மக்கள் கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், நடுவர் வாசிப்பார், ஆளுக்கு ஓரிரு நிமிடம், நேரம் முடிந்தால் முன்வரிசையில் இருப்பவர் அட்டையைக் காட்டுவார். அவ்வளவுதான்.

நம் மாவட்டத்தில் மாநகராட்சியே இல்லை, மேயரும் இல்லை. ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகளில்கூட தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் (அங்கே வார்டுக்கு நிற்பவரிடம் "ஜெயிச்சா தலைவர் பதவிக்கு யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?" என்று ஊர் முன்னால் கேட்க வேண்டும்). ஆனால் கிராம ஊராட்சித் தலைவரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம், அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டும் மாவட்டக் கவுன்சிலருக்கான மஞ்சள் சீட்டும் கட்சிக்கு என்றால், தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டு ஆளுக்கு. ஆளைப் பார்த்துப் போடுகிற ஓட்டு என்றால் அந்த ஆள் பேசி நாம் கேட்க வேண்டாமா?

இதில் என்னை ரொம்ப உறுத்துவது பெண் வேட்பாளர்கள் விஷயம். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-இலேயே சட்டமாகிவிட்டது. ஆனாலும் பெண்ணுக்கு ஒதுக்கிய ஊரில் நோட்டீஸில் கணவர் படம் பெரிதாக இருக்கிறது. வாசலுக்கு வந்து அவரே பேசுகிறார், அந்தம்மா கும்பிட்டபடி பக்கத்தில் நிற்கிறார். மேடையில் வேட்பாளர் மட்டும்தான் பேசலாம் என்று ஒரே ஒரு விதி வைத்தாலே இது பாதி மாறிவிடும். கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் தண்ணீர் மோந்து குடத்தை நிரப்பி வளர்ந்தவருக்கு ஊரின் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றிப் பேசத் தெரியாதா? தடுமாறினாலும் பரவாயில்லை, அவர் வாயால் வரட்டும்.

கேள்விகளையும் யோசித்து எடுக்க வேண்டும். கச்சத்தீவும் இலங்கைக் கடற்படை பிடித்துப் போன படகுகளும் நமக்கு உயிர்ப் பிரச்சினைதான், ஆனால் அது ஊராட்சித் தலைவர் கையில் இல்லை. காவிரித் தண்ணீர் தொட்டிக்கு வந்தபின் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை திறப்பது, கடைசித் தெருவுக்கு மட்டும் ஏன் வருவதில்லை, படகு கட்டும் இடத்தில் குவிகிற குப்பைக்கும் கிழிந்த வலைக்கும் என்ன வழி, ஊருணியில் மண்டிய சீமைக்கருவேலத்தை எப்போது எடுப்பது, இதெல்லாம் அவர் வேலை. 2022-லிருந்து கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை. ஆறையும் ஒழுங்காக நடத்துவாரா, வரவு செலவை முந்தின நாளே ஒட்டுவாரா? இந்த இரண்டுக்கும் ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வாங்க வேண்டும்.

யார் நடத்துவது என்பதுதான் சிக்கல். ஜமாத், சர்ச் பங்கு, கோயில் கமிட்டி, எது நடத்தினாலும் மற்ற பக்கத்தார் வரத் தயங்குவார்கள். ஊர்ப் பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் 2019-இல் சில மாவட்டங்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்டதாக வந்த செய்திகளை மறக்க முடியவில்லை. அதனால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மகளிர் குழுக்களும் சேர்ந்து நடத்தட்டும், நடுவர் வெளியூர்க்காரராக இருக்கட்டும். இடத்துக்கு மீன் ஏலக்கூடம் போதும்; மதியத்துக்கு மேல் கழுவிவிட்டால் காலியாகக் கிடக்கும், எல்லாச் சாதியும் மதமும் தினமும் வந்துபோகிற இடம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட வேண்டும்.

தேதியிலும் கவனம் வேண்டும். விசைப்படகு ஊரில் திங்கள், புதன், சனி வைத்தால் ஆண்கள் கடலில் இருப்பார்கள். 2019-இல் வேட்புமனு வாபஸ் டிசம்பர் 19, முதல் கட்ட வாக்குப்பதிவு 27. நடுவில் எட்டு நாள்தான். அறிவிப்பு வந்தபின் குழு சேர்ப்பதற்குள் பிரசாரமே முடிந்துவிடும், இப்போதே சேர வேண்டும். அந்தத் தேர்தலில் தலைவர் வேட்பாளருக்கு ஆணையம் வைத்த செலவு வரம்பு 34,000 ரூபாய். அதுகூடக் கையில் இல்லாதவருக்கு இந்த மேடை இலவசமாக ஊரையே முன்னால் உட்கார வைக்கும்.

அழைத்தும் வராத வேட்பாளரைத் திட்ட வேண்டாம். பேர் எழுதிய நாற்காலியைக் காலியாகப் போட்டு, அழைப்புக் கொடுத்த தேதியை ஒருமுறை வாசித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

மண்டபம் பக்கத்து ஆசிரியர்கள் தொண்டி பக்கமும், தொண்டி பக்கத்தவர்கள் மண்டபம் பக்கமும் நடுவராக வரத் தயாரா? கமெண்டில் ஊர்ப் பேரை மட்டும் போடுங்கள், பேசலாம்.