முன்னணையை அளந்துகொண்டிருக்கிறோம்

போன வாரம் எங்கள் வேதபாட வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. விண்வெளியிலிருந்து எடுத்த பூமி, அதன்மேல் யோபு 26:7, 'பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார்' என்று கொட்டை எழுத்தில். விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடித்ததை வேதம் அன்றே சொல்லிவிட்டதாம். வரிசையாக ஆமென்கள். நான் வேதத்தை எடுத்து அதே அதிகாரத்தில் நாலு வசனம் கீழே இறங்கினேன். 11-ஆம் வசனத்தில் வானத்தின் தூண்கள் அதிர்கின்றன. வானத்துக்கு ஏது தூண்? ஏழாம் வசனம் விஞ்ஞானம், பதினோராம் வசனம் கவிதை என்று யார் பிரித்துக் கொடுத்தது? அதைக் குழுவில் கேட்டேன், ஆமென் அதோடு நின்றது.

இதில் லுத்தரன்களாகிய நமக்குக் கொஞ்சம் கூடுதல் வெட்கம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் வேதத்தை எப்படிப் படிப்பது என்று நம் சபைக்குப் பெயர் தந்த 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி லுத்தர் ஒரு நல்ல வழியைக் காட்டிவிட்டுப் போனார். 1523-இல் பழைய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில், வேதம் குழந்தை கிறிஸ்து கிடத்தப்பட்ட முன்னணை (மாட்டுத் தீவனத் தொட்டி), அவரைச் சுற்றிய துணி என்கிறார். துணி எளியது, உள்ளே இருப்பது விலையேறப்பெற்றது. நாம் குழந்தையை விட்டுவிட்டு முன்னணையின் நீள அகலத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

அதற்காக லுத்தரை இந்தக் காலத்து ஆளாக்கிவிடவும் கூடாது, அதுவும் நடக்கிறது. ஆதியாகம விரிவுரையில், கடவுள் உலகைப் படைத்தது ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்று பழங்காலச் சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்டீனையே மறுத்தவர் அவர். 1539-இல் சாப்பாட்டு மேஜையில் பூமி சுற்றுகிறது என்கிற புதுப் பேச்சு வந்தபோது, வேதத்தில் போரின் நடுவே யோசுவா சூரியனைத்தானே நிற்கச் சொன்னார், பூமியை அல்லவே என்றாராம். (அந்தப் பேச்சுக்குக் காரணமான வானியலாளர் கோபர்நிகஸை 'முட்டாள்' என்றார் என்பது மட்டும் சந்தேகம். அந்தச் சொல் அவர் இறந்து 20 வருடம் கழித்து, 1566-இல் அச்சான பதிப்பில்தான் இருக்கிறது, அதே பேச்சைப் பதிவு செய்த இன்னொரு குறிப்பில் இல்லை.) ஆனால் அதே 1539-இல் அவருடைய விட்டன்பர்க் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் ரெட்டிகஸ் கோபர்நிகஸைத் தேடிப் போய், அவரை நூல் வெளியிடச் சம்மதிக்க வைத்தார். 1543-இல் அது அச்சானதும் லுத்தரன் நகரமான நியூரம்பர்க்கில். அப்போதே நம் வீட்டுக்குள் இரண்டு கருத்து இருந்திருக்கிறது, யாரும் யாரையும் விரட்டவில்லை.

எனக்குப் பிடித்தவர் கெப்ளர். போதகராக வேண்டும் என்று இறையியல் படிக்கப் போய் வானியலுக்கு வந்த லுத்தரன். 1609-இல் வெளியான நூலின் முன்னுரையில் யோசுவாவை அவர் விளக்குவது அவ்வளவு எளிமை: போர்க்களத்தில் நிற்கிற மனிதனுக்கு வேண்டியது பொழுது சாயாமல் இருப்பது, சுற்றுவது எது என்கிற பாடம் அல்ல. வேதம் மனிதர் கண்ணுக்குத் தெரிகிறபடி பேசுகிறது, அவ்வளவுதான். இதே கெப்ளருக்கு லின்ஸ் நகரத்தில் இராப்போஜனம் (சபையில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து) மறுக்கப்பட்டது. காரணம் வானியல் இல்லை, சபையின் விசுவாச அறிக்கையில் கிறிஸ்துவின் சரீரம் எங்கும் இருக்கிறது என்ற பகுதியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டேன் என்றதுதான்.

சூரியன் விஷயத்தில் இன்று லுத்தரன்களிடையே பெரிதாகச் சண்டை இல்லை. ஆதியாகமம் வந்ததும்தான் கத்தி எடுக்கிறோம். அமெரிக்காவின் மிசூரி சினட் என்கிற லுத்தரன் சபை ஆறு நாள் படைப்பை 1932-இல் அறிக்கையாகவே எழுதி வைத்தது. வேதத்தை எப்படி விளக்குவது என்ற சண்டை முற்றி, 1974-இல் அவர்களுடைய செயின்ட் லூயிஸ் இறையியல் கல்லூரியில் பெரும்பாலான பேராசிரியர்களும் மாணவர்களும் வெளியேறினார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்தில், பரிணாமத்தை ஏற்பதில் தடையில்லை என்கிற லுத்தரன் சபைகளும் உண்டு. இரண்டு பக்கமும் லுத்தர் படத்தை மாட்டியிருக்கிறது.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், பரிணாமத்தை ஏற்கிற பக்கம். ஆனால் 'உயிரணுவைப் பார், கண்ணைப் பார், கடவுள் இருக்கிறார் என்று நிரூபித்துவிடலாம்' என்கிற கூட்டத்திலும் என்னால் சேர முடியவில்லை. 1518-இல் ஹைடல்பர்க்கில் லுத்தர் வைத்த வாதங்களில் 19-ஆவதைப் படியுங்கள். படைப்பைப் பார்த்துக் காணாத கடவுளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிறவன் இறையியலாளன் என்ற பெயருக்கே தகுதியில்லாதவன் என்கிறார். கடவுளைத் தேட வேண்டிய இடம் சிலுவை. அப்படியென்றால் நுண்ணோக்கியில் அவர் அகப்படவில்லையே என்று நாம் ஏன் பதற வேண்டும்?

சரி, குழுவுக்கு வருகிறேன். எல்லாரும் அமைதியானபின் ஒரு கல்லூரிப் பெண் தனியாக எழுதினாள்: "அண்ணா, யோசுவா சரி, யோபு சரி, அப்போ ஆதாம்? பாவத்தால்தான் மரணம் வந்தது என்று ரோமர் 5-இல் இருக்கே, அதற்கு முன்னாலேயே டைனோசர் எல்லாம் செத்துப் போயிருக்கே?" நியாயமான கேள்வி. ரோமருக்கு அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் அங்கே பேசுவது மனிதனின் மரணத்தைப் பற்றி, விலங்குகளைப் பற்றி அல்ல என்று ஒரு பதில் எழுதினேன். எழுதிவிட்டு நானே அந்த அதிகாரத்தை மறுபடி படித்தேன். மனிதனே படிப்படியாக வந்தவன் என்றால் அந்தப் பதில் பாதி தூரம்தான் போகிறது. அதையும் அவளுக்கு எழுதி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறாள்.