சாப்பாட்டைச் சாப்பாடாக விற்கலாம்தானே

எந்த வீடியோ என்று சொல்லத் தேவையில்லை, எல்லாருடைய போனுக்கும் வந்திருக்கும். வாட்டர் செஸ்ட்நட் மாவைக் கரைத்துக் குடித்தால் சீனி வருத்தம் ஓடிப் போகுமாம். அதன் கீழே "இது சாப்பாடு, மருந்தில்லை" என்று ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான், காலையிலிருந்து எனக்கு அர்ச்சனை நடக்கிறது.

சரி, திரும்பவும் சொல்கிறேன். சாப்பாடு. நல்ல சாப்பாடு. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குச் சிங்காரா மாவில் பூரி சுடுகிறார்கள், யார் குறை சொன்னது? ஆனால் வீடியோவில் கையில் பிடித்துக் காட்டியது கொம்பு வைத்த காய், அந்தச் சிங்காரா. ஒப்பித்த சத்துக் கணக்கோ சீனர்கள் சமையலில் போடுகிற, சேற்றில் விளைகிற ஒரு கோரையின் கிழங்குக்கு உரியது. ரெண்டையும் இங்கிலீசில் வாட்டர் செஸ்ட்நட் என்றுதான் சொல்வார்கள், ஆனால் ரெண்டும் வேறு வேறு செடி ஐயா! எதை விற்கிறோம் என்றே தெரியாதவர்கள் வருத்தம் மாற்ற வந்துவிட்டார்கள்.

சரி, அந்தக் கணக்கையே எடுங்கள். 100 கிராம் பச்சைக் கிழங்கில் மாச்சத்து 24 கிராம், நார் 3 கிராம். மாச்சத்து உடம்புக்குள் போய்ச் சீனியாகத்தானே மாறும்? சோற்றைக் குறைத்து அளவாகச் சாப்பிட்டால் சரி, சோற்றையும் தின்று இதையும் குடித்தால்?

"ஒரு பிள்ளையின் பிழைப்பில் மண் போடுகிறீர்கள்" என்கிறார் ஒரு தம்பி. ரொட்டி சுடச் சொல்லி விற்கட்டும், முதல் பைக்கட்டை நானே வாங்குகிறேன். "நீங்கள் என்ன டொக்டரா?" என்று இன்னொருவர். இல்லை. இதே கேள்வியை அந்த வீடியோவின் கீழே ஏன் கேட்கவில்லை?

எங்கள் மாமிக்குச் சீனியும் இருக்கிறது, சிறுநீரகமும் பழுது. பொட்டாசியம் கூடியதெல்லாம் குறைக்க வேண்டும், இளநீர்கூட வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். வீடியோவில் ஒப்பித்த அதே கிழங்கில் 100 கிராமுக்கு 584 மில்லிகிராம் பொட்டாசியம், அதை மட்டும் வாயே திறக்கவில்லை. யாரோ அன்போடு கொண்டுவந்து கொடுத்த மாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டு, குளிசைகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார் மாமி. கேட்டால், "இயற்கைச் சாமான்தானே மனே, என்ன செய்யப் போகுது?"

இன்னொன்று. சத்துத்தான் வேண்டுமென்றால் நம்முடைய குளத்துத் தாமரைக் கிழங்குக்கு என்ன குறை? நார் கிட்டத்தட்ட 5 கிராம், விற்றமின் சி 44 மில்லிகிராம், அந்தச் சீனக் கிழங்கில் வெறும் 4. (பொட்டாசியம் இதிலும் இருக்கிறது, மாமிக்கு இதுவும் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) தண்ணீருக்குள் இறங்கிக் காலால் தடவிப் பிடுங்கி, சேறு கழுவி மட்டக்களப்புச் சந்தையில் கொண்டுவந்து வைக்கிற மனுசனிடம் அரை விலைக்குக் கேட்பீர்கள். பாலும் தூளும் விட்டு ஆக்கினால் ஓட்டைக்குள்ளெல்லாம் குழம்பு ஏறி நிற்கும், ஆனால் விருந்தாளி வந்தால் அந்தச் சட்டியை மூடி வைப்பீர்கள். மினுங்குகிற பையில் அடைத்து வந்தால்தான் சத்து.

என்னை நட்பிலிருந்து தூக்கியவர்களில் மாமிக்கு அந்த மாவைக் கொடுத்தவரும் ஒருவர். தூக்குங்கள். அடுத்த கிளினிக்குக்கு ஓட்டோ பிடித்து மாமியைக் கூட்டிப்போய் வரிசையில் நிற்கப்போவது நான்தான்.