காஸ்மாஸ் பூக்கவில்லை என்றால் விதையைத் திட்டாதீர்கள்

செடி ஆளுயரம் வளர்ந்துவிட்டது, இலையெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூவை மட்டும் காணோம். காஸ்மாஸ் வளர்ப்பவர்களின் பொதுவான புலம்பல் இது. “விதை சரியில்லை, வேறு பாக்கெட் வாங்குங்க” என்பார் ஒருவர், “இன்னும் கொஞ்சம் உரம் போடுங்க” என்பார் இன்னொருவர். இரண்டுமே வீண் யோசனை. முளைத்து இலை விட்டதோடு விதை தன் வேலையை முடித்துவிட்டது. அதற்குப் பிறகும் பூ வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மண்ணில் சத்து அதிகம், வெயில் போதவில்லை, அல்லது விதைத்த காலம் ஒத்துவரவில்லை.

முதலில் மண். காஸ்மாஸின் பூர்வீகம் மெக்சிகோ. சத்துக் குறைந்த நிலத்திலும் சளைக்காமல் பூக்கும் இனம். ரோஜாவுக்குக் கலக்கும் கலவையில் இதை வைத்தால், தழைச்சத்து தாராளமாகக் கிடைப்பதால் தண்டும் இலையுமாகவே கொழுத்துக்கொண்டு போகும். மொட்டு தள்ளிப்போகும், தண்டு வலுவில்லாமல் நீளும், ஒரு மழைக் காற்றுக்கே சாய்ந்துவிடும். தொட்டிக்குச் சாதாரணத் தோட்டமண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு போதும். மண்புழு உரம் போட்டே ஆகவேண்டும் என்று கை துறுதுறுத்தால், 30 செ.மீ. தொட்டிக்கு ஒரு கைப்பிடி, அதுவும் ஒரே ஒரு முறை. தரையில் ஏற்கெனவே காய்கறி விளைந்த பாத்தி என்றால் அந்த ஒரு கைப்பிடிகூட வேண்டாம். சத்தில்லாத மண்ணை காஸ்மாஸ் பொறுத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கும் மண்ணைப் பொறுக்காது. அதனால் உரத்தைவிட வடிகால் துளைகளைப் பாருங்கள்.

அடுத்தது காலம். இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. காஸ்மாஸ் குறும்பகல் செடி. பகல் சுருங்கி இரவு நீளும்போது வேகமாக மொட்டு வைக்கும். கோடையில் பகல் 15, 16 மணி நேரம் நீளும் குளிர்நாடுகளில், சில ரகங்கள் பகல் குறையத் தொடங்கும்வரை இலையாகவே நிற்பதுண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இதற்கு நேர்மாறான தொல்லை. அங்கே ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான் என்பதால், செடி முழங்கால் உயரம்கூட வராமலே மொட்டு விட்டுவிடும். அந்த முதல் மொட்டைத் தயங்காமல் கிள்ளிவிட வேண்டும். இன்னொரு விஷயம்: இரவெல்லாம் எரியும் விளக்கின் அடியில் தொட்டியை வைத்தால் செடிக்கு அது பகல் நீண்ட மாதிரிதான். பூ தாமதமாகலாம். பால்கனிக்காரர்கள் கவனிக்கவும்.

எந்த காஸ்மாஸ் என்பதையும் பார்த்து வாங்குங்கள். வெள்ளை, ரோஸ், கருஞ்சிவப்புக் கலந்த ஊதா நிறங்களில் வருவது ‘பைபின்னேட்டஸ்’. இலை கேரட் இலை மாதிரி நூல்நூலாக இருக்கும். ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் வருவது ‘சல்ஃப்யூரியஸ்’. அதன் இலை சற்று அகலம். கடும் வெயிலில் முன்னது சோர்ந்துவிடும், பின்னது அசராது. வெயில் கொளுத்தும் மாதங்களில் ரோஸ் காஸ்மாஸ் விதைத்து ஏமாறுவதைவிட ஆரஞ்சை விதைப்பதே புத்திசாலித்தனம். ரோஸைக் குளிர்ந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ரகத்தில், 1936ஆம் ஆண்டு அமெரிக்க விதைத் தேர்வில் பரிசு வாங்கிய ‘சென்சேஷன்’ இன்றும் நம்பிக்கையானது. ஆனால் அது 3, 4 அடி வளரும், தரைக்குத்தான் சரி. தொட்டிக்கு ஒன்றரை, இரண்டு அடியில் நிற்கும் ‘சொனாட்டா’ பொருத்தம்.

விதைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. விதை மெலிந்து நீண்டு, லேசாக வளைந்திருக்கும். அரை செ.மீ.க்குச் சற்று அதிகமான ஆழத்தில் படுக்கவைத்து மூடினால் போதும். மண்ணின் வெப்பம் 20 முதல் 25 டிகிரி இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். உறைபனி விழும் ஊர்களில் கடைசிப் பனிக்கு 4 முதல் 6 வாரம் முன்பு வீட்டுக்குள் விதைத்து, பனி முடிந்ததும் வெளியே நடலாம். மற்ற ஊர்களில் நேரடியாக இடத்திலேயே விதைப்பதுதான் நல்லது. குழித்தட்டில் விதைத்தால் இரண்டு மூன்று சோடி உண்மையான இலை (முதலில் வரும் விதையிலை கணக்கில் இல்லை) வந்ததுமே மாற்றி நட்டுவிடுங்கள். வேர் சுற்றிக்கொள்ளும்வரை தட்டிலேயே விட்டால், பின்னால் எவ்வளவு பெரிய இடம் கொடுத்தாலும் செடி குட்டையாகவே நின்றுவிடும்.

முளைத்த நாற்று தரையோடு ஒட்டிய இடத்தில் கருகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். காரணம் ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு, நெருக்கமாக விதைத்தது. பூவாளியால் மேலே ஊற்றுவதை விட்டுவிட்டு, தட்டைத் தண்ணீரில் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு அடுத்த முறை. நாற்று வெளிறி நூலாக நீண்டால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். வளர்ந்த செடிக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேர நேரடி வெயில் குறைந்தபட்சம். அது கிடைக்காத இடத்தில் காஸ்மாஸ் வைக்காமல் இருப்பதே மேல்.

காஸ்மாஸுக்கு நாம் செய்யும் வேலைகளில் உருப்படியானது நுனி கிள்ளுவதுதான். செடி 20 முதல் 30 செ.மீ. வந்ததும், ஒரு சோடி இலைக்குச் சற்று மேலே நுனியை வெட்டிவிட வேண்டும். இலைகள் எதிரெதிராக இருப்பதால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கக் கிளைகள் கிளம்பும். முதல் பூ ஒன்றிரண்டு வாரம் தாமதமாகும், ஆனால் மொத்தப் பூ பல மடங்கு கூடும், செடியும் சாயாது. மனம் வராமல் விட்டுவிடுபவர்கள்தான் பிறகு குச்சியும் கயிறுமாக அலைகிறார்கள். செடிக்குச் செடி 30 முதல் 45 செ.மீ. இடைவெளி விடுங்கள். நெருக்கினால் காற்று புகாமல் இலையில் சாம்பல் நோய் படியும். உயர ரகத்துக்கு முட்டு கொடுப்பதானால், சாய்ந்த பிறகு அல்ல, ஒரு அடி உயரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

பூச்சிகளில் அசுவினிதான் அடிக்கடி வரும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, தேனீ அடங்கிய மாலை நேரத்தில் அடிக்கலாம். பூ பச்சையாக, இலை இலையாகத் திரிந்து வந்தால் மட்டும் மருந்து தேடாதீர்கள். தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வரும் நோய் அது. குணமாகாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள்.

வாடிய பூவை வெறும் தலையாகக் கிள்ளாமல், காம்போடு அடுத்த இலைக்கணு வரை வெட்டுங்கள். விதை பிடிக்கத் தொடங்கினால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பூத்து முடிந்த தலையும் புது மொட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்: உருண்டையாகத் தட்டையாக இருப்பது மொட்டு, கூம்பாகக் கூர்மையாக இருப்பது முடிந்தது.

விதை எடுக்க, கடைசிச் சுற்றில் சில பூக்களை விட்டுவைத்தால் போதும். தலை பழுப்பாகி, விதைகள் நட்சத்திரம்போல விரியத் தொடங்கும் நாளில் பறித்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். காஸ்மாஸ் அயல்மகரந்தச் சேர்க்கைச் செடி. வெள்ளையும் ரோஸும் பக்கத்தில் நின்றிருந்தால் அடுத்த தலைமுறையில் நிறம் கலந்துதான் வரும். வெள்ளை மட்டுமே வேண்டும் என்பவர்கள் வெள்ளையை மட்டுமே வளர்க்க வேண்டும், அல்லது புதுப் பாக்கெட் வாங்க வேண்டும். ஆரஞ்சு காஸ்மாஸ் விதையை மட்டும் உதிரவிடாமல் பறித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பருவத்தில் பக்கத்துப் பாத்தியிலும் அதைத்தான் களையெடுத்துக்கொண்டிருப்பீர்கள்.